வாசகர் கேள்வி: டேட்டா இருக்கிறது, பலன் எங்கே?

கேள்வி: பிக் டேட்டாவுக்கென்று (மலைபோல் குவியும் தகவல்களுக்கென்று) ஹடூப் கிளஸ்டர், அதாவது பல கணினிகளை இணைத்து டேட்டாவைச் சேமித்து அலசும் அமைப்பு ஒன்றை அமைத்தோம், டேட்டாவை ஆராய்ந்து கணிப்புகள் சொல்லும் டேட்டா சயின்டிஸ்ட்டுகளையும் வேலைக்கு எடுத்தோம். ஒரு வருடமாகியும் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. இன்னும் என்ன வாங்க வேண்டும்?

பதில்: ஒன்றும் வாங்காதீர்கள். (மென்பொருள் விற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.) எந்த முடிவை எடுக்க இந்த டேட்டா? 'எல்லாவற்றையும் சேர்த்து வைப்போம், அப்புறம் பார்க்கலாம்' என்றால் குப்பைதான் சேரும். சந்தாவை நிறுத்தப்போகிறவர் யார் என்பதுபோல் ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். பதில் கிடைத்ததும் யார் என்ன செய்வார் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்.

அடுத்தது, டேட்டாவின் தரம். பெரும்பாலான நேரத்தை விழுங்குவது இதுதான். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் 03/04 என்பது ஒரு பிரிவுக்கு ஏப்ரல் 3, இன்னொரு பிரிவுக்கு மார்ச் 4. விற்பனைப் பிரிவு சொல்லும் 'நடப்பு வாடிக்கையாளர்' வேறு, கணக்குப் பிரிவு சொல்வது வேறு. இதை எந்த மென்பொருளும் தானாகத் தீர்க்காது. பிரிவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். டேட்டாவைத் திரட்டிச் சீராக்கித் தரும் டேட்டா எஞ்சினியர் இல்லையென்றால் உடனே ஒருவரை எடுங்கள். இல்லாவிட்டால் சயின்டிஸ்ட்டுகள் டேட்டா கோப்புகளைச் சுத்தம் செய்தே ஓய்ந்துவிடுவார்கள்.

அளவைக் கண்டும் மயங்காதீர்கள். தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்க 2008-ல் கூகுள் தொடங்கிய 'ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்', 2012-13 பருவத்தின் உச்சத்தில் அமெரிக்க அரசின் கணக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காட்டியது. 2015-ல் அதை நிறுத்திவிட்டார்கள். கூகுளிடமே டேட்டாவுக்குப் பஞ்சமா என்ன! உங்கள் கணிப்பையும் நிஜத்தில் நடந்ததையும் மாதாமாதம் ஒப்பிட ஒருவரை நியமியுங்கள். அவர் கணிப்பு மாடலை உருவாக்கியவராக இருக்கக் கூடாது.