அரிசி வாளிக்குள் கைபேசி

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கிறேன், வயது 41. கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை. மேலதிகாரி இரவு 11 மணிக்கும் வாட்ஸ்அப் அனுப்புகிறார். மகளுக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அம்மா கோயிலுக்குப் போகச் சொல்கிறார். மனைவி மனம்விட்டுப் பேசச் சொல்கிறார். கம்பெனியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். டென்ஷன் குறையவில்லை. நான்தான் பலவீனமானவனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை.

எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். பிரித்துப் பாருங்கள். மேலதிகாரி விஷயத்தில் உங்களுக்கு இருப்பது கோபம். மகள் விஷயத்தில் பயம். உடம்புக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 1936இல் ஹான்ஸ் செலி என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிரில் வைத்தார், ஊசி போட்டார், ஓட வைத்தார். எது செய்தாலும் ஒரே கதைதான்: அட்ரினல் சுரப்பி பெருத்தது, வயிற்றில் புண் வந்தது. மூச்சுப் பயிற்சி இந்த உடம்பைத்தான் அமர்த்தும். படபடப்பு அடங்கும். ஆனால் 11 மணி வாட்ஸ்அப் அதனால் நிற்குமா?

லாசரஸ், ஃபோக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். சில நேரம் பிரச்சினையைச் சரிசெய்ய வேண்டும், சில நேரம் மனசைத் தேற்ற வேண்டும். நாம் இரண்டையும் இடம் மாற்றிச் செய்துவிடுகிறோம். என் கதையே அதுதான்.

சில வருடங்களுக்கு முன் எனக்கும் இப்படி ஒரு மேலதிகாரி. தலையணைக்கு அடியில் கைபேசி. அது அதிர்ந்தால் எழுந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து விடுவேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் என் மனைவி அதைப் பிடுங்கி அரிசி வாளிக்குள் புதைத்து மூடிவிட்டார். சமையலறையில் அது வண்டு மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். மறுநாள் காலை அரிசியை ஊதித் தட்டிவிட்டு வேலைக்குப் போய், "ராத்திரி வர்றதுக்குக் காலையில பதில் போட்டாப் போதுமா?" என்று கேட்டேன். "தாராளமா. மறந்துடுவேன்னுதான் அப்பவே அனுப்பிடுறேன்" என்றார். எட்டு மாதம் மூச்சுப் பயிற்சி செய்தது இதற்குத்தான்! எல்லா மேலதிகாரியும் இப்படிச் சொல்லமாட்டார்கள், தெரியும். ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

மகளின் தேர்வை நீங்கள் எழுத முடியாது. அங்கே அம்மா சொல்வதுதான் சரி. ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் கைபேசியை அணைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து வாருங்கள். நான் அவ்வளவு பக்திமான் இல்லை, இருந்தும் சொல்கிறேன். பிஎஸ்எல்இயில் 2021 முதல் டி-ஸ்கோர் போய்விட்டது. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதைத் தேர்வே நிறுத்திவிட்டது. நம் வீடுகளில்தான் இன்னும் நிற்கவில்லை.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ இதெல்லாம் போதாது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் 24 மணி நேரமும் பேசலாம்.

அப்புறம் ஒன்று. மனைவியிடம் பேசியும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதைப் பேசினீர்கள்? மேலதிகாரியைப் பற்றி மட்டும்தானா? பிஎஸ்எல்இ பயம் அவருக்கும் இருக்குமே, அதைக் கேட்டீர்களா?