3340 ஐசி: மேல் ஸ்தாயியில் இறங்கும் சுருதி

வணக்கம். 12-0-12 (பிளஸ், மைனஸ் 12 வோல்ட்) சப்ளையில் ஏஎஸ் 3340 ஐசி வைத்து சிந்தசைஸருக்கு ஆஸிலேட்டர் (ஒலி அலை உண்டாக்கும் சர்க்யூட்) கட்டுகிறேன். முதல் ஐசி சூடாகிச் செத்தது. இரண்டாவது ஓடுகிறது, ஆனால் மேல் ஸ்தாயியில் சுருதி இறங்குகிறது. பழைய சர்க்யூட் பார்த்து வெப்பத்தோடு மதிப்பு மாறும் ரெசிஸ்டரையும் சேர்த்தேன்; சுருதி இன்னும் நகர்கிறது. அசல் 3340ஐ வடிவமைத்த டக் கர்ட்டிஸின் டிசைன் சுலபம் என்கிறார்களே, எது சுலபம்?
மு.

அன்புள்ள மு.,

அந்த ரெசிஸ்டரைத் தேவையில்லாமல் செய்ததுதான் சுலபம். முதலில் அதைக் கழற்றுங்கள்.

சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்ற ஐசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் பேஸில் சுமார் 18 மில்லிவோல்ட் கூட வேண்டும். அந்த 18 நிலையானதல்ல, அறை வெப்பத்தில் டிகிரிக்கு 0.33 சதவீதம் ஏறும். மற்றவர்கள் இதை வெளியே ரெசிஸ்டர் வைத்துச் சமாளித்தார்கள். கர்ட்டிஸ் சிஇஎம் 3340-இன் சிலிக்கானுக்குள்ளேயே ஒரு பெருக்கியை (மல்டிப்ளையர்) வைத்து, கட்டுப்பாட்டு மின்னோட்டத்தை வெப்பநிலையால் பெருக்கினார். ஏஎஸ் 3340 அதன் நகல். நீங்கள் ஒரே பிழையை இரண்டு முறை திருத்தியிருக்கிறீர்கள்.

ஐசி செத்ததற்குக் காரணம் தேட, அதன் 3ஆம் காலை (பின்) பாருங்கள். உள்ளே சுமார் 6.5 வோல்ட் ஜீனர் (மின்னழுத்தத்தை அந்த அளவில் நிறுத்தும் டையோடு) இருக்கிறது. மைனஸ் 12ஐ 470 ஓம் வழியாகக் கொடுக்க வேண்டும் (மைனஸ் 15 என்றால் 820). நேராகக் கொடுத்தால் ஜீனர்தான் சுமை.

மேலே சுருதி இறங்குவது டிரான்சிஸ்டரின் உள்தடையாலும் கம்பாரேட்டரின் (மின்னழுத்தங்களை ஒப்பிடும் பகுதி) தாமதத்தாலும். அதற்குத்தான் 7ஆம் கால். அங்கிருந்து கிரவுண்டுக்கு 10கே ப்ரீசெட் (திருப்பி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்). அதன் நடுக்கால் 1 மெக் வழியாக 15ஆம் காலுக்கு. ப்ரீசெட்டை கிரவுண்டு பக்கம் ஒதுக்கி, அரை மணி நேரம் சூடேறவிடுங்கள். 110, 220, 440 ஹெர்ட்ஸை ஸ்கேல் ப்ரீசெட்டால் (ஸ்தாயி இடைவெளியைச் சரிசெய்வது) பிடியுங்கள். ஒரு சுருதியைத் திருத்தினால் மற்றது நகரும், நாலைந்து முறை ஆகும். அதன் பிறகே 1760, 3520க்குப் போய் 7ஆம் கால் ப்ரீசெட்டைத் தொடுங்கள். வரிசை மாறினால் விடியும்வரை சுற்றுவீர்கள்.

11ஆம் காலில் 1000 பிகோஃபாரட் பாலிஸ்டைரீன் அல்லது சி0ஜி கெப்பாசிட்டர் போடுங்கள். சாதா செராமிக்கின் நகர்வைப் பெருக்கி திருத்தாது. 15ஆம் காலுக்கு வரும் 100கே ரெசிஸ்டர்கள் 1% மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். முக்கோண அலையை 10ஆம் காலிலிருந்து நேராக எடுக்காதீர்கள். அங்கே சுமை ஏறினால் சுருதியே அசையும். இடையில் ஒரு டிஎல் 072 (ஆப்-ஆம்ப் ஐசி) பஃபர் போதும்.