ஊழியர்கள் சமூக சேவை செய்யச் சம்பளத்தோடு வருஷத்துக்கு 2 நாள் விடுப்பு தருவதாக எங்கள் எச்.ஆர். சொல்கிறார். இதனால் நிஜமாகவே பிரயோஜனம் உண்டா?

உண்டு, கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எந்த நாள், என்ன வேலை என்பதை முடிவு செய்வது நீங்களா கம்பெனியா என்று முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள். பட்டவன் சொல்கிறேன்.

நீங்கள் மதுரையில் இலந்தைக்குளம் பக்கம் ஐ.டி.யில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் கப்பலூர்ப் பக்கம் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை ஏழரைக்கு மோல்டிங் தம்பி போன் அடித்தான். "அண்ணே, வீட்ல பெரியாஸ்பத்திரில சேத்திருக்குண்ணே, ஆபரேஷனாம், ஓ நெகட்டிவ் கேக்குறாங்க, நீங்க அந்த குரூப்புதானே?" பேண்ட்டை மாட்டிக்கொண்டு நேராகக் கோரிப்பாளையம் போய்விட்டேன். எடை பார்த்து, விரலில் குத்திச் சோதித்து, ஊசியை ஏற்றிவிட்டு, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அந்தப் பந்தில் அச்சு ஓரம் சீவாமல் பிசிறு துருத்திக்கொண்டிருந்தது, எங்கள் கியூ.சி. (தரச் சோதனை) பொண்ணு பார்த்திருந்தால் தூக்கி எறிந்திருக்கும். படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 350 மில்லி. பிஸ்கட், டீ எல்லாம் முடிந்து கம்பெனி வாசலில் கைரேகை வைக்கும்போது மணி 11:40.

ரத்த வங்கி கொடுத்த சான்றிதழைக் காட்டினேன். "ரொம்ப நல்ல விஷயம் சார், ஆனா சிஸ்டத்துல இதுக்கு லீவு இல்லையே" என்றார்கள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கே அந்த வருஷத்து கேஷுவல் லீவு தீர்ந்திருந்ததால் அரை நாள் சம்பளம் போச்சு. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். குழந்தையும் தாயும் நன்றாக இருக்கிறார்கள், அதுவே போதும்.

ஆறியிருந்ததைக் கிளறியது அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்ததுதான். கம்பெனி ஆண்டு விழாவுக்கு ரத்ததான முகாம் வைத்தார்கள். பந்தல், ஃபிளெக்ஸ், டீஷர்ட், எல்லாம் வேலை நேரத்திலேயே, சம்பளப் பிடித்தம் கிடையாது, "அனைவரும் கலந்துகொள்ள வேண்டும்". நானும் வரிசையில் நின்றேன். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார், சொன்னேன். ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி வேண்டும், அடுத்த முறை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் நோட்டீஸ் போர்டில் கலந்துகொள்ளாதவர்கள் பட்டியல் ஒட்டியிருந்தது, அதில் என் பெயர் நான்காவது.

சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் அது என்ன சேவை என்று கீழே வந்து கேட்பீர்கள், தெரியும். ரத்தத்துக்கு விலை கேட்கவில்லை ஐயா. செய்ததற்காக வெட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். நாலு பேரை வைத்துப் பட்டறை ஓட்டுகிறவர்களால் முடியாது என்பதும் எனக்குத் தெரியும், நான் பேசுவது பந்தலுக்கும் டீஷர்ட்டுக்கும் பணம் இருக்கிறவர்களைப் பற்றி. என் மச்சான் தபால் துறையில் இருக்கிறான். மத்திய அரசு ஊழியர் ரத்தம் கொடுத்தால் சான்றிதழைக் காட்டி அன்றைக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம், வருஷத்துக்கு 4 தடவை வரைக்கும். அவன் ரத்தமும் சிவப்புதான்.

சேவையை விடுங்கள், ஓட்டுப் போடுவதற்கே இங்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 18 ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குத்தான் மீனாட்சி தேரோட்டம், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார், அதனால் மதுரைத் தொகுதிக்கு மட்டும் ஓட்டுப்போடும் நேரத்தை இரவு 8 மணி வரை நீட்டினார்கள். எங்கள் சூப்பர்வைசர் அதைப் பிடித்துக்கொண்டார். "அதான் எட்டு மணி வரைக்கும் இருக்குல்ல, ஷிப்ட் முடிச்சிட்டுப் போங்க." அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் பஸ்ஸை எங்கேயோ நிறுத்தி இறக்கிவிட்டார்கள், நடந்து போய் வரிசையில் நிற்கும்போது 7:35. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவுப்படி வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கொடுக்காத முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். என் ஒரு நாள் சம்பளமே அதைவிட அதிகம், அவர் எதற்குப் பயப்படப் போகிறார்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 2 நாளை எடுத்துக்கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் கருவேலம் வெட்டும் நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். ஞாயிறு ஏற்கெனவே நம்முடையது, அதில் அவர்கள் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? அரை நாளாகப் பிரித்து எடுக்கலாமா, முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்பதையும் கேளுங்கள். எங்கள் கம்பெனியிலும் போன வருஷத்திலிருந்து ஒரு நாள் சேவை விடுப்பு வந்திருக்கிறது. 15 நாள் முன்னதாக விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாம். இனிமேல் அந்தத் தம்பி காலை ஏழரைக்குப் போன் பண்ணினால், வீட்டில் இரண்டு வாரம் பொறுத்துக்கச் சொல்லுப்பா என்றுதான் சொல்ல வேண்டும்.