கணினியில் அட்மின் உரிமை இல்லாத கணக்கில் மட்டும் வைஃபை வந்தும் இணையம் வரவில்லை. அந்தக் கணக்கையே அட்மினாக மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். நானும் ஒருமுறை அதைச் செய்யப் போய், கடைசி நேரத்தில் நிறுத்தியவன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

என் மகளுக்கு விண்டோஸ் கணினியில் சாதாரணப் பயனர் கணக்குதான் வைத்திருக்கிறேன். ஒருநாள் "அப்பா, நெட் வரலை" என்றாள். திரை மூலையில் வைஃபை குறி முழுசாக இருந்தது. என் போனில் அதே வைஃபையில் எல்லாம் ஓடியது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் கொடுத்தேன், அதாவது அங்கிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தேன். நான்கு முறையும் பதில் வந்தது. பிரவுசரில் மட்டும் ஒரு தளமும் திறக்கவில்லை. அவள் கணக்கை மூடிவிட்டு என் அட்மின் கணக்கில் நுழைந்தால், எல்லாத் தளமும் உடனே திறந்தன.

இதைப் பார்த்தால் யாருக்கும் "உரிமை இல்லாததுதான் காரணம்" என்றுதான் தோன்றும். ஆனால் பிங்குக்குப் பதில் வந்துவிட்டதே! இணைப்பு இருக்கிறது, பிரவுசர்தான் எங்கோ தடுக்கிக்கொள்கிறது. மறுபடி அவள் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ராக்ஸி பக்கத்தைப் பார்த்தேன். ப்ராக்ஸி என்பது பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைத்தரகர். அது ஆன் ஆகியிருந்தது, முகவரி 127.0.0.1. அந்த எண் இதே கணினியைத்தான் குறிக்கும். அவள் நிறுவிப் பார்த்து நீக்கிய ஏதோ ஒரு செயலி தனக்காகப் போட்டுக்கொண்ட அமைப்பு அது, போகும்போது அப்படியே விட்டுப் போயிருக்கிறது. பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் ஆளில்லாத அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸில் இந்த அமைப்பு வழக்கமாகக் கணக்குக்குக் கணக்கு தனி. அதனால்தான் என் கணக்கில் தொந்தரவு இல்லை. அதை ஆஃப் செய்ய அட்மின் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை, அதே கணினியில் வேறொரு கணக்கில் நுழைந்து பார்ப்பது. அங்கே வேலை செய்தால் கோளாறு கணக்குக்குள் இருக்கிறது: ப்ராக்ஸி, பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்), குழந்தைக் கணக்கு என்றால் பெற்றோர் கட்டுப்பாடு, இவற்றைத் தேடுங்கள். வைஃபை பாஸ்வேர்டையே ஒரு கணக்குக்கு மட்டும் என்று சேமித்து வைக்கவும் முடியும். லினக்ஸில் இது அடிக்கடி நடக்கும். இணைப்பின் அமைப்பில் எல்லாப் பயனர்களும் இணையலாம் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டு கணக்கிலும் வரவில்லை என்றால், கோளாறு கணினியிலோ ரௌட்டரிலோ இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள், அதற்கு அட்மின் உரிமை வேண்டியதில்லை. அதில் வரும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கணினியின் எண், 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைப் போனிலேயே திறந்து பார்க்கலாம். அதற்கு ரௌட்டரின் பாஸ்வேர்டு போதும், கணினியின் அட்மின் பாஸ்வேர்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேக் ஃபில்டர் (வைஃபை கருவியின் ஹார்ட்வேர் எண்ணைப் பார்த்து, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு) போட்டிருந்தால் இந்தக் கணினி அந்தப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸில் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் ஆன் ஆகியிருந்தால் பட்டியலில் இருந்தும் பயனில்லை, அந்த ஹார்ட்வேர் எண் மாறிவிடும்.

பலரும் நினைத்தே பார்க்காத ஒன்று கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வைஃபை நன்றாக இருக்கும், ஆனால் தளத்துக்குத் தளம் "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று எச்சரிக்கை வரும். சாதாரணக் கணக்கில் நேர மண்டலத்தை மாற்றலாம், நேரத்தை மாற்ற முடியாது. அதற்கு அட்மின்தான் வர வேண்டும்.

டிரைவர் (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருள்), அடாப்டரை (அந்த வைஃபை கருவியை) நிறுத்தி மறுபடி இயக்குவது, நெட்வொர்க் ரீசெட் ஆகியவையும் அப்படித்தான். கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர் திறக்கும், ஆனால் பார்க்க மட்டும்தான் விடும். இங்கேயும் கணக்கின் வகையை மாற்றத் தேவையில்லை. பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வரும்போது அட்மின் வந்து ஒருமுறை பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தால் அந்த வேலை முடிந்தது. கணக்கை அட்மினாக்கினால், நாளைக்கு அதில் தெரியாமல் திறக்கும் ஒரு கெட்ட கோப்பு மொத்தக் கணினியையும் கையில் எடுத்துக்கொள்ள வழி சுலபமாகிவிடும்.

ஐபி முகவரியை அந்தக் கணக்குக்காரரே அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதா? அதற்கென்றே விண்டோஸில் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ் என்று ஒரு குழு இருக்கிறது. அதில் அவரைச் சேர்த்தால் நெட்வொர்க் அமைப்புகளை மாற்றும் உரிமை கிடைக்கும், மற்ற அட்மின் உரிமைகள் அவருக்குக் கிடைக்காது.

அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். வைஃபை குறி எப்படி இருக்கிறது, ஐபிகான்ஃபிக் என்ன முகவரி காட்டுகிறது, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் வருகிறதா, இந்த மூன்றையும் அங்கே இருக்கும் ஐடி ஆட்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஹாட்ஸ்பாட்டில் வந்துவிட்டால் அவர்கள் லேப்டாப்பை விட்டுவிட்டு உங்கள் வீட்டு ரௌட்டரைப் பற்றித்தான் கேட்பார்கள்.