ஓவனையும் மின் அடுப்பையும் ஒரே பிளக்கில் கொடுக்கலாமா?

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டையும் தனித்தனியாக வாங்கிவிட்டீர்கள், சமையலறையில் இருப்பதோ ஒரே 13 ஆம்பியர் பிளக் பாயிண்ட் என்கிறீர்கள். இரண்டையும் அதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் என்றால் சுமார் 3,000 வாட், அவ்வளவுதான். 2,500 வாட் ஓவன் மட்டும் என்றால் சரி, ஓடும். அடுப்பு அப்படி இல்லை. நாலு தட்டு இண்டக்‌ஷன் 7,000 வாட் வரை போகும், அதாவது 30 ஆம்பியர், அதற்கு டிபி பெட்டியிலிருந்தே (வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) தனி லைன் இழுத்து, 32 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), பொதுவாக 6 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள், அப்புறம் கைக்கு எட்டும் இடத்தில், அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல், ஒரு தனி சுவிட்ச் வைக்க வேண்டும்.

வாட்டர் ஹீட்டரும் ஏர்கோனும் ஓடும் ஒற்றை ஃபேஸ் வீடு என்றால் மெயின் தாங்குமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வேலையை மலேசிய எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேனிடமே கொடுங்கள். கேபினெட் போட வருகிறவர் "நானே இழுத்துத் தரேன்" என்பார், விடாதீர்கள்.