கிருபையும் சாந்தமும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தேவனுடைய கிருபையைப் பெறுவது, வீட்டிலும் வேலையிலும் சபையிலும் சாந்தமாக நடப்பது, இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். தீர்க்கதரிசனம், கனவுக்கு அர்த்தம், கடைசிக் காலக் கணக்கு எல்லாவற்றையும் உங்கள் போதகரிடம் கொண்டுபோங்கள். கேட்டவரின் பெயருக்குப் பதில் சிங்கப்பூரில் அவர் இருக்கும் பகுதியைப் போட்டிருக்கிறேன், அதற்குக் கீழே என் பதில்.

பொங்கோல்: ஸ்தோத்திரம் அக்கா. கிருபை கிடைக்க 3 நாள் உபவாசம் போதுமா, 21 நாள் இருக்கணுமா?

உபவாசம் நல்லது. ஆனால் அது கிருபைக்குக் கட்டும் தவணை இல்லை. லூக்கா 18இல் இரண்டு பேர் ஜெபம்பண்ணப் போகிறார்கள். வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன் என்று கணக்குச் சொன்ன பரிசேயன், வந்தபடியே வீட்டுக்குப் போனான். "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன்தான் நீதிமானாக்கப்பட்டவனாய்ப் போனான். எபேசியர் 2:8, 9ஐயும் சேர்த்துப் படியுங்கள்: இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.

நடைமுறையில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நேற்று செய்த பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "ஆண்டவரே, எல்லாப் பாவத்தையும் மன்னியும்" என்று மொத்தமாகச் சொன்னால் எதுவுமே சொல்லாத மாதிரிதான். "மாமியாரிடம் பொய் சொன்னேன்" என்று சொல்லுங்கள். மன்னிப்பைக் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், எழுந்து வேலைக்குப் போங்கள். பெரும்பாலானோர் தடுமாறுவது அதற்கு அப்புறம்தான். மனதில் ஒரு சூடு, ஒரு கண்ணீர் வரவில்லையே, அப்படியானால் கிடைக்கவில்லை என்று நினைத்து மதியம் மறுபடியும் அதே பாவத்தை அறிக்கையிடுகிறார்கள். வாக்குத்தத்தம் 1 யோவான் 1:9இல் இருக்கிறது, உங்கள் உணர்ச்சியில் இல்லை.

பிடோக்: கிருபை இருக்கே, அப்புறம் பாவம் செய்தா என்ன?

ரோமர் 6:1, 2. பவுலே எழுப்பிய கேள்வி, அவர் பதில் "கூடாதே". தீத்து 2:11, 12ஐயும் பாருங்கள்.

செங்காங்: பையனுக்கு இந்த வருஷம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. கணக்கு சொல்லித்தரும்போது கத்திடுறேன். அப்புறம் அழுது ஜெபம் பண்றேன். மறுநாள் மறுபடியும் கத்துறேன்.

தங்கச்சி, ஜெபத்தை விடாதீர்கள், ஆனால் நேரத்தை மாற்றுங்கள். நீங்கள் வேலை முடிந்து வந்து, சமைத்து, இரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தைத் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் இருவருக்குமே பொறுமை மிச்சமில்லை. கணக்கைச் சனிக்கிழமை காலைக்கு நகர்த்துங்கள், வார நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

உட்காரும்போது அவன் பக்கத்தில் உட்காருங்கள், தலைக்கு மேலே நிற்காதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு தப்பு மட்டும். பின்னக் கணக்கில் பகுதியைச் சமமாக்க மறந்தான் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள். கையெழுத்து, போன வாரத் தேர்வு, பக்கத்து வீட்டுப் பையன் யாரும் அதில் நுழையக்கூடாது. 83 மதிப்பெண் வாங்கினால் அது ஏஎல் 3, மேலிருந்து மூன்றாவது தரநிலை. அதற்காக "மக்கு" என்று ஒரு சொல் விழுந்தால், அவன் அந்தச் சொல்லைத்தான் தேர்வு அறைக்குள் கொண்டுபோவான். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 சொல்வது இதைத்தான்.

குரல் ஏறுவது தெரிந்த உடனே புத்தகத்தை மூடுங்கள். கணக்கு நாளைக்கும் இருக்கும். கத்திவிட்டால் அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள்: "அம்மா கத்தினது தப்பு." அவ்வளவுதான். "ஆனா நீ கவனிக்கலயே" என்று சேர்க்காதீர்கள். "ஆனா" வந்த இடத்தில் மன்னிப்பு போய்விடும். இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லப்போகிறேனோ தெரியவில்லை.

பெயரும் இடமும் வேண்டாம்: வீட்டுக்காரர் அடிக்கிறார். சாந்தமா இரு, ஜெபி, மாறுவார்னு சபையில சொல்றாங்க.

தங்கச்சி, அடி வாங்கிக்கொண்டு இருப்பது சாந்தம் இல்லை. கன்னத்தில் அறைந்த சேவகனிடம் இயேசு "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). வாரினால் அடிக்கக் கட்டியபோது பவுல் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 22:25). இருவரும் திருப்பி அடிக்கவில்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

இப்போதே ஆபத்து என்றால் 999, போலீஸ். இல்லையென்றால் 1800-777-0000, வன்முறைக்கான தேசிய உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவரை மன்னிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் பத்திரமான இடம். "ஜெபி, மாறுவார்" என்று சொன்னவர்கள் ஜெபிக்கட்டும், நீங்கள் போன் பண்ணுங்கள்.

உட்லண்ட்ஸ்: உபவாசத்துல பழச்சாறு குடிக்கலாமா? எத்தனை நாள் இருந்தா கிருபை பெருகும்?

குடிக்கலாம். மற்றதற்குப் பொங்கோல் தங்கைக்குச் சொன்ன பதில்.

ஜூரோங் வெஸ்ட்: எங்க வீட்டுப் பணிப்பெண்ணை நாங்க பொண்ணு மாதிரிதான் பாத்துக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் கூட்டிட்டுப் போறோம், பாப்பாவைப் பிடிச்சிக்குவா. அதுவே அவளுக்கு ஆஃப் டே மாதிரிதானே?

இல்லை. ஆராதனையில் அவள் கையில் பால் புட்டி, நாப்கின் பை, மடியில் பிள்ளை. பிள்ளை சிணுங்கினால் எழுந்து வெளியே போகிறவள் அவள், "ஆமென்" சொல்கிறவர்கள் நீங்கள். அது வேலை நாள்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள், எந்த நாள் என்று இருவரும் பேசி முடிவு செய்யவேண்டும். அவள் சம்மதித்து அன்று வேலை செய்தால் குறைந்தது ஒரு நாள் சம்பளம் தரவேண்டும், அல்லது அதே மாதத்தில் மாற்று நாள். 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளைக் காசு கொடுத்து ஈடுகட்டவே முடியாது, விட்டே ஆகவேண்டும். வேதமும் இதில் பின்தங்கி இல்லை. உபாகமம் 5:14இல் ஓய்வு நாள் வேலைக்காரிக்கும் உண்டு.

தெம்பனிஸ்: அக்கா, குறுக்கே வர்றேன். இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படியணும்னு எபேசியர்லயே இருக்கே?

ஐயா, எபேசியர் 6:5ஐப் படித்தவர் ஒன்பதாம் வசனத்துக்கு முன்பே நிறுத்திவிட்டீர்கள். எஜமான்களிடம் கடுமையான பயமுறுத்தலை விட்டுவிடச் சொல்லும் வசனம் அது. கொலோசெயர் 4:1 இன்னும் நேர்: "வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்." ஓய்வு நாள் நீங்கள் கொடுக்கும் இடமே இல்லை, அவளுக்குச் சேரவேண்டியது. சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டு அதற்குக் கிருபை என்று பெயர் வைக்காதீர்கள்.

தெம்பனிஸ்: வெளியே போய் கெட்ட சகவாசம் பிடிச்சா? அவளுக்காக அரசாங்கத்துக்கு 5,000 வெள்ளி பிணை போட்டிருக்கேன். அதான் பாஸ்போர்ட்டும் எங்ககிட்ட.

ஓய்வு நாளில் வெளியே போனதற்காகப் பிணைத்தொகை பறிபோகாது. பாஸ்போர்ட்டையும் வேலை அனுமதி அட்டையையும் நீங்கள் வைத்திருக்கக் கூடாது என்பது மனிதவள அமைச்சின் நிபந்தனை. இது ஆன்மீக ஆலோசனை இல்லை, விதிமீறல். இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

ஈசூன்: தெம்பனிஸ் அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு அக்கா. எங்க வீட்டுல போன தடவை இருந்தவ...

நிறுத்துங்கள் தம்பி. போன தடவை இருந்தவளின் தப்புக்கு இப்போது இருப்பவள் ஏன் தண்டனை அனுபவிக்கவேண்டும்? உங்கள் சாந்தகுணம் எல்லா மனுஷருக்கும் தெரிந்திருப்பதாக என்று பிலிப்பியர் 4:5 சொல்கிறது. மேலதிகாரியிடம் எல்லோருமே சாந்தம்தான், சம்பளம் அவர் கையில் இருக்கிறதே. திருப்பிப் பேச முடியாதவரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். அதை வீட்டிலேயே சோதிக்கலாம்: குழம்பில் உப்பு கூடினால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களா, "ஏய்" என்கிறீர்களா? நீங்கள் சாப்பிடும் அதே குழம்பும் மீனும் அவள் தட்டிலும் இருக்கிறதா? ராத்திரி பத்தரைக்கு அவள் படுத்தாளா, இஸ்திரி போடுகிறாளா?

புக்கிட் பாத்தோக்: பாடகர் குழுவில ஒருத்தர் காணிக்கைக் கணக்கை ஒழுங்கா எழுதலை. வாட்ஸ்அப் குழுவில சாந்தமா எடுத்துச் சொல்லலாமா?

குழுவில் வேண்டவே வேண்டாம். அறுபது பேர் பார்க்கும்போது எவ்வளவு சாந்தமாக எழுதினாலும் அது அம்பலப்படுத்துவதுதான். மத்தேயு 18:15 முதல் வரும் வரிசையில் போங்கள்: முதலில் தனிமையில், நேரில். கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரோடு. அதற்கும் கேட்கவில்லை என்றால்தான் சபை. போகும்போது ரசீதுகளைக் கையில் கொண்டுபோங்கள், "இந்த மாதத் தொகை எனக்குப் பொருந்தி வரவில்லை, சேர்ந்து பார்ப்போமா" என்று தொடங்குங்கள். பாதிக்கு மேல் கூட்டல் பிழையாகத்தான் இருக்கும். பணம் உண்மையிலேயே காணோம் என்றால் மூடி மறைக்காமல் பொருளாளரிடமும் போதகரிடமும் எழுத்தில் கொடுங்கள். கலாத்தியர் 6:1 சீர்பொருந்தப்பண்ணச் சொல்கிறது, மறைக்கச் சொல்லவில்லை.

சுவா சூ காங்: மேல் வீட்டுல ராத்திரி நாற்காலி இழுக்கிறாங்க. சாந்தமா எவ்வளவு நாள் பொறுக்கிறது?

பகலில், ஏதாவது பலகாரத்தோடு மேலே போய் ஒருமுறை சொல்லுங்கள். நாற்காலிக் காலில் ஒட்டும் பஞ்சுத் துண்டு ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தாலும் நல்லது. கேட்கவில்லை என்றால், அக்கம்பக்கத்துப் பிரச்சினையைப் பேசித் தீர்க்கும் சமூக சமரச நிலையம் இருக்கிறது. அங்கே போவது சண்டை இல்லை.

ஆங் மோ கியோ: அக்கா, 40 நாள் உபவாசம் இருந்தா...

பொங்கோல்.

ஜூரோங் வெஸ்ட்: சரிக்கா, ஞாயிறு விட்டுடுறோம். ஆனா அன்னைக்குப் பாப்பாவை யார் பாத்துக்கிறது? ஆராதனையில உட்காரவே முடியாதே.

நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வாரம் மாற்றி வெளியே நில்லுங்கள். அவளுக்கு ஞாயிறுதான் வேண்டுமா, வேறு நாளா என்று முதலில் அவளிடமே கேளுங்கள். அவள் சொன்ன நாளை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காலையில் "பாத்திரத்தை மட்டும் கழுவிட்டுப் போ" என்று சொல்லாதீர்கள்.