பேஸ்பாலில் தலைசிறந்த குளோசர் (அணி முன்னிலையில் இருக்கும்போது கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் பந்துவீச்சாளர்) யார்? சேவ் எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்துவிடலாமா?

மரியானோ ரிவேரா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு அவருடைய 652 சேவ்களைக் காரணமாகச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

சேவ் 1969-இல் அதிகாரபூர்வமான கணக்கு. மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸை வீசி, வெற்றியோடு முடித்தால் ஒரு சேவ். மூன்று ரன் முன்னிலையில் வந்து இரண்டு ரன் கொடுத்தாலும் கணக்கில் சேரும். ஸ்கோர் சமமாக இருக்கும்போது வந்து மூன்று பேட்டர்களையும் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தால் சேவ் கிடையாது.

இந்தக் கணக்கைப் பார்த்து ஆளை இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 வைல்ட் கார்டு ஆட்டம் (தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டம்) போதும். பால்டிமோரின் சாக் பிரிட்டன் அந்த சீசனில் 47 வாய்ப்புக்கு 47 சேவ், ஈ.ஆர்.ஏ. (ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த சராசரி ரன்) வெறும் 0.54. டொரன்டோவில் 2-2 என இழுத்துக்கொண்டு போன ஆட்டத்தில் அவரைக் கடைசிவரை இறக்கவே இல்லை. 11-ஆவது இன்னிங்ஸில் பால்டிமோரின் உபால்டோ ஹிமேனஸ் வீசிய பந்தை டொரன்டோவின் எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்தார்; பால்டிமோரின் சீசன் முடிந்தது.

எனவே சேவை விட்டுவிட்டு, பேட்டர்களை எவ்வளவு அடக்கினார், எத்தனை இன்னிங்ஸ் வீசினார், பிளே-ஆஃபில் (வழக்கமான சீசனுக்குப் பிந்தைய சாம்பியன் சுற்றுகளில்) எப்படி என்று பாருங்கள். டிரெவர் ஹாஃப்மேனுக்கு 601 சேவ், ஈ.ஆர்.ஏ. 2.87. பில்லி வாக்னருக்கு 422தான், ஆனால் ஈ.ஆர்.ஏ. 2.31. ஒரு இன்னிங்ஸை மட்டும் எடுத்துக்கொண்டால் வாக்னர்தான் மேல். அவர் இடறுவது பிளே-ஆஃபில்: 11⅔ இன்னிங்ஸில் ஈ.ஆர்.ஏ. 10.03.

ரிவேராவுக்கு அங்கேதான் கணக்கு இன்னும் இறங்குகிறது. வழக்கமான சீசனில் ஈ.ஆர்.ஏ. 2.21, பிளே-ஆஃபில் 141 இன்னிங்ஸ் வீசி 0.70. கொடுத்த ஹோம் ரன் இரண்டே இரண்டு. அதுவும் பெரும்பாலும் கட்டர் என்ற ஒரே பந்தை நம்பி! வேகப்பந்து போலவே வரும், கடைசி நொடியில் இடதுகை பேட்டரின் கைப்பக்கம் திரும்பும். பந்து பேட்டின் தடித்த பகுதியில் படாமல் கைப்பிடி அருகே படுவதால் மரம் பிளந்துவிடும். 1999 உலகத் தொடரில் (சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடர்) ரையன் கிளெஸ்கோ ஒரே முறை ஆட வந்து மூன்று பேட்டை உடைத்துக்கொண்டார்.

2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தோற்றாரே என்பார்கள். உண்மைதான். பன்ட் செய்த (பேட்டை வீசாமல் மெதுவாகத் தட்டிவிட்ட) பந்தை இரண்டாம் பேஸுக்குத் தவறாக எறிந்தது அவர் பிழை. ஆனால் எதிரணியின் லூயிஸ் கொன்சாலஸுக்கு வீசிய கடைசிப் பந்தை மறுபடி பாருங்கள்: அதுவும் கைப்பிடி அருகேதான் பட்டது. ஒரு ரன்னையும் விடக்கூடாதென்று இன்ஃபீல்டு (பேஸ்களைச் சுற்றி நிற்கும் ஃபீல்டர்கள்) முன்னே நெருங்கி நின்றதால், மெதுவாக எழுந்த பந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டர்) பின்னால் விழுந்தது.

ஒரே சீசன் என்றால் 1990-இன் டென்னிஸ் எக்கர்ஸ்லி: 73⅓ இன்னிங்ஸில் நான்கே வாக் (நான்கு தவறான பந்து வீசி பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது), ஈ.ஆர்.ஏ. 0.61.

ரிவேராவுக்கு எதிராக வலுவாக வாதாட ஒருவரால்தான் முடியும்: கூஸ் காசேஜ். 1978-இல் யாங்கீஸுக்காக ரிலீஃபில் (ஆட்டத்தின் நடுவே மாற்றுப் பந்துவீச்சாளராக வந்து) மட்டும் 134 இன்னிங்ஸ் வீசினார். குளோசரான பிறகு ரிவேரா எந்த சீசனிலும் 81 இன்னிங்ஸைத் தொடவில்லை. சுமையை அளவுகோலாக வைத்தால் காசேஜ். தவறவே கூடாத ஆட்டங்களை வைத்தால் ரிவேரா. குளோசரின் வேலையே இரண்டாவதுதான் என்பதால் என் ஓட்டு ரிவேராவுக்கு.